வேசகாலத்து இரவில் சிலப்பதிகாரம்: நன்கொடை வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

இந்த வேசகாலத்தில், அதாவது கோடையில், சித்திரை மாதம் சனி, ஞாயிறு என நான்கு இரவுகள் திறந்தவெளியில் சிலப்பதிகாரத்தை நாடகமாக நடத்தப் போகிறோம். பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழ். நடிப்பவர்கள் பெருந்துறை, சென்னிமலைப் பக்கத்து விவசாயிகள், தறிக்காரர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள். யாருக்கும் சம்பளம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணமும் இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

கண்ணகி கதை புகாரிலும் மதுரையிலும் வஞ்சியிலும் நடக்கிறது, கொங்குக்காரர்களுக்கு அதில் என்ன என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நூலின் தொடக்கத்திலேயே உரைபெறு கட்டுரை என்ற பகுதியில் பதில் இருக்கிறது. கொங்கு நாட்டுக் கோசர்களான கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தார்கள், அதன்பின் மழை பொய்க்கவே இல்லை என்கிறது அது. நோம்பி (திருவிழா) சாட்டி மழை கேட்கிற நமக்கு இது அயல் கதையாகுமா? அந்நூலுக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நம் கொங்கு நாட்டு நிரம்பையில் பிறந்தவர் என்று கொங்கு மண்டல சதகம் என்ற பழைய நூல் சொல்கிறது. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அந்த உரையையும் சேர்த்தே அச்சிட்டார். பழந்தமிழர் அரங்கம், இசை, கூத்து பற்றி இன்று நாம் படித்துத் தெரிந்துகொள்வதில் பெரும்பகுதி அந்த உரை வழியாக வந்ததுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, எங்களுக்கு அதுதான் பெரிது. நம் பேச்சைச் சினிமாவிலும் மேடையிலும் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுத்துகிறார்கள். ‘ஏனுங்’ என்று ஒருவர் வாய் திறந்தாலே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடுகிறது. இதே பேச்சில் ஒரு பெண் அரசனை நிற்கவைத்து நியாயம் கேட்க முடியும், கேட்பவர்கள் தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள் என்று நாங்கள் நம்புகிறோம். ஒத்திகையில் அது நடந்தது. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பிவந்த கோவலனிடம், ஒரு குறையும் சொல்லாமல், “கால்ல சிலம்பு இருக்குதுங்க, எடுத்துக்கோங்க” என்று கண்ணகி சொல்லும் இடத்தில் எங்கள் பறைக்காரரே அடிக்க மறந்து நின்றார்.

பாடல்களை மட்டும் மாற்றவில்லை. கானல் வரியும் ஆய்ச்சியர் குரவையும் இளங்கோவின் சொற்களிலேயே, உடுக்கையும் தவிலும் சேர்த்துப் பாடப்படும். அவற்றில் கைவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, பணம் எதற்கு?

முதல் செலவு மேடை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, கோல் என்ற பழைய அளவில், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்குக்கு அளவு தருகிறது. கோலுக்கு மூன்று அடி என்று நாங்களாக வைத்துக்கொண்டு, 21 அடி அகலம், 24 அடி நீளம், 3 அடி உயரத்தில் இரும்புச் சட்டமும் பலகையுமாக, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்கிறோம். இதற்கு 95,000 ரூபாய் ஆகும். ஒருமுறை செய்துவிட்டால் பல வருடம் உழைக்கும், அக்கம்பக்கத்து ஊர்க் கூத்துக்கும் பள்ளி விழாவுக்கும் சும்மாவே கொடுப்போம்.

அப்புறம் விளக்கு. தூணின் நிழல் ஆடுகிறவர் மேல் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது அதே காதை. அதைச் சரியாகச் செய்ய நல்ல விளக்குகள் வேண்டும், ஜெனரேட்டரும் வேண்டும். நான்கு இரவுக்கும் வாடகை 60,000. காலர் மைக், ஸ்பீக்கர் வாடகை 55,000. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டோம். திறந்தவெளியில் காற்று குரலை அடித்துக்கொண்டு போய்விடும். கடைசி வரிசையில் உட்காரும் அப்பத்தாவுக்கு வசனம் கேட்கவில்லை என்றால் வட்டார வழக்கில் நாடகம் போட்டு என்ன பயன்? பாய், நாற்காலி, தண்ணீர், கோடைமழை வந்தால் கருவிகளை மூடத் தார்ப்பாய், இதர செலவுகள் என இன்னும் 30,000.

ஆக மொத்தம் 2,40,000 ரூபாய். குழுவில் இருப்பவர்கள் போட்டது 70,000 கையில் இருக்கிறது. மீதி 1,70,000 பங்குனி முடிவதற்குள் சேர வேண்டும், மேடை வேலைக்கு அவ்வளவு நாள் பிடிக்கும்.

ஐம்பது ரூபாயும் நன்கொடைதான். எவ்வளவு கொடுத்தாலும் குழுவினரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் குழு பதிவு செய்யப்பட்டதல்ல, ஆகவே நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பணமாகத் தர முடியாதவர்கள் பலகை, இரும்புக் குழாய், பழைய பட்டுச் சேலை, வண்டி வாடகை என எதுவாகவும் தரலாம். மேடை கட்ட இரண்டு நாள் ஆள்பலம் கொடுத்தாலும் பெரிய உதவி. நாடகம் முடிந்த பத்து நாளுக்குள் வரவு செலவுக் கணக்கை எழுதி, ஆடிய இடத்திலேயே எல்லார் முன்னாலும் படிப்போம். மிச்சம் இருந்தால் அடுத்த வேசகாலத்துக்கு.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை இருப்பதால் சரியாக 7 மணிக்குத் தொடங்கி 9.45க்கு முடித்துவிடுவோம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒறம்பரையோடு (உறவினரோடு) பொழுதோடவே வந்து இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர்