வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: 33 கேட்டால் 2.3 காட்டுவது ஏன்?

வணக்கம்.

கடையில் புதிதாக மாட்டியிருக்கும் காற்று மீட்டர், டயரின் காற்றழுத்தத்தை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் ‘பிஎஸ்ஐ’ கணக்கில் இல்லாமல் ‘பார்’ என்ற இன்னோர் அளவுக் கணக்கில் காட்டுகிறது. “33 கேட்டால் 2.3தான் அடிக்கிறார்கள், காற்றிலும் கொள்ளை” என்று அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. 2.3 பிஎஸ்ஐ காற்றோடு எந்தக் காரும் கடை வாசலைத் தாண்டாது. டயர் நசுங்கி ரிம் தரையைத் தொட்டுவிடும். மீட்டரை மாட்டிய அன்றே இதை விளக்கியிருக்க வேண்டும், அது எங்கள் தவறுதான்.

1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. 2.3ஐ 14.5ஆல் பெருக்கிப் பாருங்கள், 33.35 வரும். நீங்கள் கேட்டதைவிட ஒரு துளி கூடத்தான். காரில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் பலருக்குக் ‘கேபிஏ’ (கிலோபாஸ்கல், இதுவும் காற்றழுத்த அளவுதான்) என்று இருக்கும். அதில் 230 என்றால் 100ஆல் வகுத்தால் போதும், 2.3 பார். பைக்குக்கு 25 பிஎஸ்ஐ என்றால் 1.72 பார், 29 பிஎஸ்ஐ என்றால் சரியாக 2 பார்.

லாரிக்காரர்கள் மட்டும் கவனிக்கவும். நீங்கள் ‘கிலோ’ என்று சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 14.22 பிஎஸ்ஐ. காரில் கிலோவையும் பாரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டாலும் முக்கால் பிஎஸ்ஐகூட மாறாது. லாரி டயரில் 8.5 என்னும்போது கிட்டத்தட்ட இரண்டரை பிஎஸ்ஐ மாறிவிடும். கிலோவா, பாரா என்று சொல்லிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

இங்கே 33 அடித்தது பெட்ரோல் பங்கில் 36 காட்டியது என்பவர்களுக்கு: ஓடிய டயர் சூடேறி 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், மறுநாள் காலை குறைந்திருக்கும். மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில் பார்ப்பதுதான் கணக்கு.

மீட்டரில் பட்டனை அழுத்தினால் பிஎஸ்ஐக்கு மாறும்; கேளுங்கள், மாற்றிக் காட்டுகிறோம். கம்ப்ரசர் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் அட்டவணையும் ஒட்டியிருக்கிறோம்.

பழைய முள் மீட்டர் 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டியதால்தான் அதைக் கழற்றினோம்.

படத்தைப் பார்த்த பிறகும் வழக்கம்போல் நம்மிடமே வண்டியை விட்டுப்போன ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பழைய மீட்டரில் காற்றடித்துப் போனவர்கள் ஒருமுறை வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்த்துத் தருகிறோம், காசு வேண்டாம்.