நாடு திரும்பிய சாமி ஊர் திரும்ப வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களவு போன செப்புத் திருமேனி ஒன்று வெளிநாட்டிலிருந்து மீட்கப்பட்டால் நாடே அதைப் பெருமையாகக் கொண்டாடுகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் காவிரி டெல்டாவில் அந்தச் செய்தியைப் படிக்கிறவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றே: சாமி எப்போது ஊருக்கு வரும்?

ஸ்ரீபுரந்தான் நடராஜரை எடுத்துக்கொள்வோம். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஊர். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006-ல் களவு போனார். ஊருக்குத் தெரிந்தது 2008-ல். அதே ஆண்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சூடான் தூதரக அதிகாரி ஒருவர் 1970-லேயே டெல்லியில் வாங்கியதாகக் காட்டிய தாளை நம்பித்தான் வாங்கினார்கள். அந்த ஆண்டு தற்செயலானது அல்ல. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்டது 1970-ல். அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போன பொருள் என்று காட்டிவிட்டால் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. பொய்யை உடைத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-ல் அந்தக் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அப்பாட் டெல்லியில் சிலையை ஒப்படைத்தார். அங்கிருந்து அது போன இடம் ஸ்ரீபுரந்தான் அல்ல. வழக்குச் சொத்தாகக் கும்பகோணம் நீதிமன்றத்துக்கும், பிறகு மீட்ட திருமேனிகளை வைத்துக் காக்கும் பாதுகாப்பு மையத்துக்கும்.

பாதுகாப்பு மையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காவலில்லாத ஒருகாலப் பூஜைக் கோயிலைவிட அது மேல். ஆனால் உற்சவர் என்பவர் யார்? மூலவர் கருவறையைவிட்டு வருவதில்லை. கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காகத் தெருவுக்கு வருகிறவர் உற்சவர். கோயிலுக்குள் விடப்படாத மக்கள் பல தலைமுறைகளாகப் பார்த்த சாமியும் அவர்தான். எல்லாத் தெருவுக்கும் அவரைக் கொண்டுபோகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அப்படிப்பட்டவரைக் கம்பிக்கதவுக்குள் எண் போட்டு நிறுத்திவைத்து, விழாவுக்கு மட்டும் போலீஸ் காவலோடு கொண்டுவந்து அன்றே திருப்பி எடுத்துப்போவது ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவைச் சடங்காக்கிவிடுகிறது.

இதில் நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தாலும் பூட்டை உடைத்த கை பெரும்பாலும் இந்த மண்ணின் கைதான். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் நடராஜர் 1951-ல் மண்ணிலிருந்து கிடைத்தவர். 1950-களில் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் அச்சு அசலாக வேறொன்று வார்த்துக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசலை விற்றார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட் 1965-ல் எழுதிய பிறகுதான் கோயிலில் இருப்பது நகல் என்று வெளியே தெரிந்தது. அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடமிருந்து அசல் 1986-ல் திரும்பியது. அதுவரை நகலுக்குச் செய்த பூஜை வீண் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியில்லை என்பதே என் எண்ணம். கும்பிட்டவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாற்றப்பட்டார்கள். பழுது என்றால் ஸ்தபதி கோயிலுக்கு வந்து, செயல் அலுவலர், அறங்காவலர், குருக்கள் முன்னிலையில் வேலை செய்யட்டும். வெளியே அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் அனுப்பும் முன்பும் வந்த பின்பும் எடையும் அளவும் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி ஒவ்வொரு ஊரும் தானே செய்யக்கூடிய வேலை. ஒரு விக்ரகம் தன் ஊரை நிரூபிக்க வேண்டிய நாளில் உதவுவது படமும் அளவும்தான். பெரும்பாலான கோயில்களில் உற்சவர் படம் இருக்கிறது. ஆனால் எல்லாம் அலங்காரத்தில் எடுத்தவை. பட்டும் மாலையும் சாத்திய படத்தில் முகம் மட்டுமே தெரியும். அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் எதையும் நிறுவ முடியாது. திருமஞ்சனம் முடிந்து, ஈரம் ஒற்றி எடுத்து, வஸ்திரம் சாத்துவதற்கு முன் உள்ள நேரமே சரியானது. தொடும் உரிமை உள்ள குருக்களோ பட்டாச்சாரியாரோ திருமேனியைத் திருப்பிக் காட்டட்டும். படம் எடுப்பவர் எட்டி நிற்கலாம். பின்னால் ஒற்றை நிறத் துணி, பக்கத்தில் அளவுகோல், பகல் வெளிச்சம். ஃபிளாஷ் போட்டால் உலோகம் பளீரென்று அடித்து நுணுக்கம் மறைந்துவிடும். முன், பின், இரு பக்கம், பீடத்தின் நான்கு முகம். பிறகு கிட்டத்தில்: கைகள், ஆயுதங்கள், பீடத்தில் எழுத்து இருந்தால் அது, சாமியைச் சுற்றி நிற்கும் திருவாச்சி வளைவைச் செருகும் முளை, தூக்கும் தண்டைக் கோக்கும் துளை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானவை குறைகள். மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவதே நம் மரபு வார்ப்பு. சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும் என்பதால் ஓர் அச்சில் இரண்டு சிலை வராது. காற்றுக் குமிழ் விட்ட குழி, ஒட்டுப்போட்ட விரல், திருவாச்சியில் ஒடிந்த சுடர், அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு ஆகியவை சிலையின் கைரேகை. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுங்கள். பீடத்தோடும் பீடமில்லாமலும் உயரம், அகலம், எடை குறித்துக்கொள்ளுங்கள்.

விக்ரகத்தை வஸ்திரமில்லாமல் படம் எடுப்பது அபசாரம் என்று தயங்குகிற பெரியவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை மதிக்கவேண்டும். படம் பார்வைக்கு அல்ல, பதிவுக்கு என்று எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். உறையிலிட்டு, முத்திரை வைத்து, ஒரு பிரதி கோயிலிலும் ஒன்று செயல் அலுவலரிடமும் ஒன்று காவல் நிலையத்திலும் இருக்கட்டும். 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு கோயிலுக்கும் வேண்டிய சொத்துப் பதிவேட்டில் திருமேனிகளின் விவரமும் இருந்தாக வேண்டும். இதை அதோடு சேர்த்துவிடலாம். இதே படத்தை ஊர்ப் பெயர், சிலையின் வயது, எடை எல்லாம் போட்டு வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் விடுகிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பக்தியைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் அந்த விவரத்தைத் தேடி அலைகிறவர்களுக்கு நீங்களே வழிகாட்டிவிடுகிறீர்கள்.

காவல் ஏற்பாட்டில் வழக்கமாக எங்கே தவறுகிறது என்பதும் தெரிந்ததே. கேமரா பதிவாகும் பெட்டி சிலை இருக்கும் அறையிலேயே இருந்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பதிவு வேறிடத்திலும் சேமிக்கப்பட வேண்டும். அலாரத்தின் பேட்டரி செத்திருப்பது மழைக்காலத்தில் மின்சாரம் போன இரவில்தான் தெரியவரும். பல கோயிலுக்கு ஒரே காவலர் என்றால் எந்தக் கோயிலுக்கும் காவல் இல்லை. சாவி ஒருவரிடமே இருக்கக் கூடாது. அறங்காவலரிடம் ஒன்று, கோயில் பணியாளரிடம் ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கவேண்டும்.

மண்ணுக்குள் கிடப்பவை வேறு கதை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது திருமேனி கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி தெரிவிக்க வேண்டும், வட்டாட்சியரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விற்றதன் விளைவே பத்தூர் நடராஜர். 1976-ல் கிடைத்து, கைமாறி லண்டன் போனார். சிலையில் ஒட்டியிருந்த மண், கரையான் தடம்வரை ஆராய்ந்து, டாக்டர் இரா. நாகசாமி போன்ற தொல்லியல் அறிஞர்கள் சாட்சி சொல்லி, 1991-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாழடைந்த பத்தூர்க் கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள தரப்பாக ஏற்றது. உரிமை கோயிலுக்கு என்று அந்நிய நாட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகு, நம் நாட்டில் அதை நடைமுறைப்படுத்தத் தயங்கலாமா?

வழி இருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டம் அனந்தமங்கலத்தில் 1978-ல் களவு போன ராமர், லட்சுமணர், சீதை திருமேனிகள் 1958-ல் எடுத்த புகைப்படங்களால் அடையாளம் காணப்பட்டு, 2020-ல் லண்டனிலிருந்து மீண்டு சொந்தக் கோயிலுக்கே வந்தன. வழக்கு நிலுவையில் இருக்கும் சிலைக்கும் இடைக்காலப் பொறுப்புக் கேட்டுக் கோயில் தரப்பில் மனுச் செய்யலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451-ஆவது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 497. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கூடும் கிராம சபையில் சிலை திரும்ப வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகல், பதிவேட்டுப் பக்கம், பழைய படம், காவல் ஏற்பாட்டின் விவரம், தினசரி பூஜைக்குப் பொறுப்பேற்பவரின் ஒப்புதல் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். அறநிலையத் துறை உதவி ஆணையருக்கும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.