முதலில் வார்டு, பிறகு மாலை

அன்புள்ள கண்ணு,

கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டியாயிற்று. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. உன் மனைவி அமுதா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். இடது கையை இப்போது தலைக்கு மேல் தூக்க முடிகிறது. அதைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் தொலைபேசியில் சொல்லவில்லை.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமாவிடம் சொன்னாயாம். உன் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விடிந்ததும் கை நடுங்குகிறவன், ஒரு வாய் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிறவன், தானாகத் திடீரென்று குடியை நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள்வாக்கில் இல்லாத பூச்சி சுவரில் ஊரும், இல்லாத ஆள் கூப்பிடுவான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். கழுத்தில் துளசிமணியோடு கட்டிலில் திமிறியவர்களை மனநல வார்டில் நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன் கண்ணு. அங்கே சேர்ந்தால் பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். முதலில் வார்டு, பிறகு மாலை.

பெரியம்மா குடியை நிறுத்தவைக்கும் மாத்திரையை உனக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்கிறார். நான் ஒருபோதும் செய்யமாட்டேன். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். நீ சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

ஆனால் குடி நின்றால் அமுதா மேல் கை ஓங்குவதும் நின்றுவிடும் என்று மட்டும் நினைக்காதே. போன வருடம் மாலையில் இருந்தபோது நீ ஒரு சொட்டுத் தொடவில்லை. அப்போதுதான் யாரோடு பேசினாய் என்று கேட்டு அவள் கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாய். எவ்வளவு குடித்த நாளிலும் பட்டறையில் ஒரு ஆள் மேல் உன் கை பட்டதில்லை. வங்கி மேலாளர் முன்னால் குரல்கூட உயர்ந்ததில்லை. போதை ஆள் பார்த்தா அடிக்கும்? குடி நிதானத்தைக் கெடுக்கிறது, அடியைப் பலமாக்குகிறது, உண்மைதான். அவளை அடிக்கலாம் என்ற நினைப்பு அதற்கு முன்பே உனக்குள் இருக்கிறது. அதையும் ஆலோசகரிடம் சொல். மாதக்கணக்கில் போக வேண்டியிருந்தாலும் போ. அவள் மேல் உனக்கிருக்கும் சந்தேகத்தை மறைக்காமல் சொல். நெடுநாள் குடியில் அது தனி நோயாகவே முற்றலாம், அதற்கும் மருந்து உண்டு.

அப்பா போன பிறகு பூட்டிக் கிடந்த பட்டறையை 22 வயதில் திறந்தவன் நீ. ஊரே மெச்சியது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்று நிமிர்ந்து நடந்தவள், இன்று மருமகள் தோளுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன்.

அமுதாவை ஆலோசகர் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லப்போகிறேன். உன் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் அவள் வாய் திறப்பாளா? திறந்தால், வீட்டுக்கு வந்ததும் அதற்கும் சேர்த்து அடி விழும். நீ சிகிச்சைக்கு வந்தாய் என்பதற்காக அவள் உடனே திரும்ப வேண்டும் என்று பேரம் பேசாதே. பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்க அவள் நினைத்தால் நான் தடுக்கமாட்டேன். நீ அவளை நெருங்கக்கூடாது என்று உத்தரவு போட 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவள் கேட்டால் கூடவே போவேன். நீ என் மகன்தான், அதிலும் மாற்றமில்லை.

புதன்கிழமை காலை வெளிநோயாளர் பிரிவுக்கு வந்துவிடு. குடித்திருந்தாலும் பரவாயில்லை, வா. தனியாக வண்டி ஓட்டாதே, மாமாவோடு பஸ்ஸில் வா. சீட்டு வாங்கிக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். அமுதாவும் பாப்பாவும் வரமாட்டார்கள்.

அம்மா