தேயிலைத் தோட்டம் இல்லைன்னு சொன்ன நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நாவல் போட்டி நடுவர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

உங்க போட்டிக்கு அனுப்புன தம்பியோட நாவல் கொப்பி போன கிழமை தபால்ல வீட்டுக்கு திரும்பி வந்திச்சு. "மலையக வாழ்வு இல்லை. சோம்பலான இளைஞனின் புலம்பல்"னு ரெண்டு வரி எழுதியிருந்தீங்க. பிரிச்சு பாத்தேன், 17ஆம் பக்கம் வரைக்கும் பென்சில் கோடு இருக்கு, அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. எங்க லயம், அதான் தோட்டத்து வரிசை வீடு, வர்றதே 23ஆம் பக்கத்துல. தயவுசெஞ்சு முழுசா வாசிங்க, அதத்தான் கேக்குறேன்.

கதையில வர்ற பொடியன் மலையகத்து ஹட்டன்ல இருந்து போய் கொழும்பு வெள்ளவத்தையில ஒரு போடிங் ரூம்ல கெடந்து அமெரிக்கா கம்பனிக்கு சொஃப்ட்வெயார் வேல செய்றவன். நியூயோர்க்ல காலை 9 மணின்னா இங்க அந்தி 6.30, அங்க பனிக்காலம்னா 7.30, அப்ப தொடங்குற மீட்டிங் நடுச்சாமம் தாண்டும், ஊரே வேலைக்கு போற நேரத்துல அவன் ஜன்னல்ல பெட்ஷீட்ட கட்டிட்டு படுப்பான். மூணு நாளா ஒரு மனுஷன்கிட்ட தமிழ் பேசாம கெடந்துட்டு போன் கம்பனி ஹொட்லைனுக்கு அடிச்சு "தமிழுக்கு இரண்டை அழுத்தவும்"ங்குற குரல கேட்டுட்டு வைக்கிறான், மறுபடி அடிக்கிறான். அந்த பக்கத்த நான் சத்தமா வாசிச்சப்ப தேயில மலையில கொழுந்து பறிச்சிட்டு வந்த அம்மா தலையில கட்டுன துணிய கூட அவுக்காம வீட்டு முன்பக்க இஸ்தோப்புல உக்காந்து கேட்டாங்க. பறிச்ச கொழுந்து கிலோ கொறஞ்சா எங்களுக்கு அரைப்பேரு, அதான் அரைநாள் சம்பளம், போடுற மாதிரித்தானே இவனையும் கணக்கு பாக்குறாங்கன்னு அவங்களாவே சொன்னாங்க. இதுக்கு மேல என்ன மலையகம் வேணும் உங்களுக்கு?

சோம்பல்னு எழுதினது தான் ரொம்ப வலிச்சது. வேலையிடத்து அழுத்தம் தீராம சேந்து சேந்து வர்றது பேர்ன்அவுட், அதாவது ஆளே ஓஞ்சு போற நிலைன்னு உலக சுகாதார நிறுவனமே 2019ல வகைப்படுத்தியிருக்கு. 2023ல மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருஷம்னு மேடை போட்டு, நம்ம புள்ளைங்க கம்பியூட்டர் வரைக்கும் போயிட்டாங்கன்னு எல்லாரும் பெருமை பேசினோம். போன புள்ள அங்க எப்பிடி கெடக்குறான்னு எழுதினா மட்டும் அது நம்ம கதை இல்லையா? ரத்தம் குடிக்கிற அட்டையும் வேல வாங்குற கங்காணியும் இருந்தாத்தான் எடுப்பீங்கன்னா அத விதிமுறையிலேயே போட்டிருக்கணும்.

கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். பரிசு கேக்கல. கொப்பிய பதிவுத் தபால்ல திரும்ப அனுப்புறேன், 18ஆம் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் தயவுசெஞ்சு வாசிங்க, அப்பவும் வேணாம்னா காரணத்த எழுதி அனுப்புங்க. அத நான் தம்பிக்கு காட்டுறேன். இந்த ரெண்டு வரிய இன்னும் அவன்கிட்ட காட்டல.