குமரிக்குத் தெற்கே கடல் கொண்டது எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனியுகத்தின் முடிவில் பொங்கியெழுந்த கடல், குமரிக்குத் தெற்கே ஒரு கண்டத்தையே விழுங்கிவிட்டதாகச் சென்ற இதழின் கட்டுரை கூறுகிறது. பனியுகத்தில் கடல் மிகவும் தாழ்ந்திருந்தது என்பது உண்மையே. கட்டுரையாளர் அதிலிருந்து வந்தடைந்த முடிவுதான் பொருந்தவில்லை.

ஏறக்குறைய 21,000 ஆண்டுகளுக்கு முன், கடலிலிருந்து ஆவியான நீர் ஆறுகளின் வழியே திரும்பி வராமல், கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் கனம்வரை பனியாக உறைந்து தங்கிவிட்டதால், கடல்மட்டம் இன்றிருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பார்படோஸ் தீவை ஒட்டிய கடலடியில் துளையிட்டு எடுத்த பவளங்கள் இதற்கு வலுவான சான்று. வெயில் படும் மேல்நீரில் மட்டுமே செழிக்கும் பவள இனம் 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறதென்றால், அது உயிரோடிருந்த நாளில் கடலின் மேற்பரப்பு அதற்குச் சற்று மேலேதான் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, அன்று வெளிப்பட்டிருந்த நிலம் எவ்வளவு என்பதை இன்றைய கடலின் ஆழமே சொல்லிவிடும். பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது; தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு அன்று கால் நனையாமல் நடந்தே போயிருக்கலாம். குமரிக்குத் தெற்கிலும், எங்கள் பகுதி மீனவர்கள் நன்கறிந்த வாட்ஜ் பாங்க் என்னும் கடலடித் திட்டில் ஒரு பகுதி தரையாக இருந்திருக்கும். அத்திட்டைத் தாண்டியதும் கடலடி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சரிந்துவிடுகிறது. 120 மீட்டர் நீர் வடிந்ததால் அங்கே ஒரு கண்டம் தலைகாட்டியிருக்க வழியே இல்லை.

‘பொங்கியெழுந்த’ என்ற சொல்லும் மிகைதான். கடல் ஏறியதற்குச் சுமார் 14,000 ஆண்டுகள் பிடித்தன. சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன் மிக விரைந்து ஏறிய கட்டத்திலும்கூட, அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே. பழந்தமிழ் நூல்கள் பாடும் கடல்கோளை இதனோடு முடிச்சுப் போடுவோர் காலக்கணக்கையும் பார்க்க வேண்டும்: கடல் இன்றைய மட்டத்தை நெருங்கிவந்தே ஏறக்குறைய 7,000 ஆண்டுகள் ஆகிவிட்டன; அந்நூல்களோ அதற்கு மிகவும் பிற்பட்டவை. (கடல்கோளே நிகழவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குப் பனியுகம் காரணமாக முடியாது என்கிறேன்.)

கட்டுரையுடன் வெளியான வரைபடத்தில் கடலின் ஆழக்கோடுகள் (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) எவையும் இல்லை. அவற்றையும் சேர்த்து அடுத்த இதழில் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.