நத்தாருக்கு வைன் பரிசா? இதையும் கொஞ்சம் யோசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் நத்தார் பரிசுகளுக்கென்று ஒதுக்கிய பக்கத்தைப் படித்தேன். வைன் விரும்பும் நண்பர்களுக்கு நல்ல சிவப்பு வைன் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். வைன் பிரியர் வீட்டில் சிவப்பு வைனுக்கா பஞ்சம்? அதை அவரே தேடித் தேடி வாங்கி வைத்திருப்பார். போர்ட், ஷெரி, மதேரா போல மதுசாரம் சேர்த்து வலுவேற்றிய வைன்களைத்தான் அநேகமானோர் தமக்கென்று வாங்குவதில்லை. பரிசுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் அதில் எந்த வகையைக் கொடுப்பது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

என் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பங்களா அப்புவாக இருந்தவர். நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இராச்சாப்பாடு முடிந்து, மேசைத் துணியில் கிடக்கும் பாண் துகள்களைத் துடைத்த பிறகுதான் போர்ட் போத்தல் வரவேண்டும், அதை இடப்பக்கமாகவே கைமாற்றவேண்டும் என்றெல்லாம் துரைமார் காலத்து ஒழுங்கை அப்பாதான் சொல்லித் தந்தார். நீ குடித்தாயா என்று கேட்காதீர்கள். ஊற்றிக் கொடுக்கிறவனுக்கு மணம் தெரியும். மிச்சம் எத்தனை நாள் நின்றது என்பதும் தெரியும்.

அந்த மிச்சம்தான் விஷயம். பரிசு வாங்கப் போகிறவர் விலையைப் பார்க்கிறார், லேபலில் உள்ள வருஷத்தைப் பார்க்கிறார். நண்பர் வீட்டில் ஒரு போத்தலைத் திறந்தால் அது எத்தனை நாளில் முடியும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் இருக்கிறார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். இரவில் சின்னக் கிளாஸில் கொஞ்சம், அவ்வளவுதான். லண்டனிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் அவருக்கு விலை உயர்ந்த விண்டேஜ் போர்ட் ஒன்றைக் கொடுத்தான். விண்டேஜ் என்பது நல்ல விளைச்சல் வருஷங்களில் மட்டும் வருவது. பீப்பாயில் இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும், மற்ற முதிர்ச்சியெல்லாம் போத்தலுக்குள்ளேயே. வடிகட்டாமல் அடைப்பதால் அடியில் மண்டி தங்கும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாக வேறு குடுவைக்கு மாற்றி, இரண்டு மூன்று நாளுக்குள் குடித்து முடிக்கவேண்டும். பத்துப்பேர் கூடுகிற விருந்துக்கு அது ராஜா. கிளாக்கர் ஐயாவோ அதை வாரக்கணக்கில் வைத்துக் குடித்தார். கடைசியில் அதில் சீனியும் காரமும்தான் மிஞ்சியிருக்கும்.

அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது டோனி போர்ட். அது வருஷக்கணக்காகப் பீப்பாயிலேயே கிடந்து, காற்றோடு பழகி, சிவப்பு மங்கி வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். காற்றுக்குப் பழகியதனால் திறந்த பிறகும் பிரிட்ஜில் சில வாரம் தாங்கும். லேபலில் 10, 20, 30, 40 என்று வயது போட்டிருப்பார்கள். 10 வருஷமே நல்ல பரிசு, 20 என்றால் தாராளம். ஆனால் போத்தலில் அடைத்த பிறகு அது மேலும் முதிராது. சிலர் அதை ஷோகேஸில் பூட்டி, பேரன் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கிறார்கள். வீண் காவல்!

இந்த வைன்கள் இனிப்பாக இருப்பதற்குக் காரணம் கலக்கிய சீனி என்று பலர் நினைக்கிறார்கள். போர்ட்டில் அப்படி இல்லை. போர்த்துக்கலின் டோரோ பள்ளத்தாக்கில், 1756ஆம் ஆண்டிலேயே எல்லை வகுத்த பிரதேசத்தில், திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே, திராட்சையிலிருந்து வடித்த 77 வீத மதுசாரத்தைச் சேர்ப்பார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. புளிக்க வைக்கும் ஈஸ்ட் செத்துவிடும், மீதிப் பழச்சீனி அப்படியே நிற்கும். ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் ஷெரியில் பெரும்பாலும் சீனி முழுக்கப் புளித்து முடிந்த பிறகுதான் மதுசாரம் சேர்ப்பார்கள். அதனால்தான் பீனோ ஷெரி இனிப்பே இல்லாமல் வறண்டிருக்கிறது. இனிப்பை எதிர்பார்க்கிற நண்பருக்கு அதைக் கொடுத்தால் முகம் சுளிப்பார். நன்றாகக் குளிர வைத்து, பொரித்த கஜுவோடும் இறால் வடையோடும் அருந்தத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். இனிப்புப் பிரியருக்கு பெட்ரோ ஹிமெனெஸ் என்ற ஷெரி இருக்கிறது. வெயிலில் காயவைத்த திராட்சையில் செய்வது, கன்னங்கரேல் என்று பாகு மாதிரி இருக்கும். வெனிலா ஐஸ்கிரீமின் மேலே ஊற்றிச் சாப்பிடலாம்.

ஆனால் என் கையில் காசு இருந்தால் நான் வாங்குவது மதேராதான். நம்முடைய நுவரெலியாவில் அலுமாரிக்கு மேல் எந்த வைனை வைத்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறோம். மட்டக்களப்பிலோ வத்தளையிலோ இருக்கும் நண்பருக்கு அந்த வசதி ஏது? மதேராவைச் சூட்டிலேயே வளர்க்கிறார்கள். அந்தக் காலத்தில் போர்த்துக்கலின் மதேராத் தீவிலிருந்து இந்தியாவரை கப்பலில் போய்த் திரும்பி வந்த பீப்பாய்களில், வெப்பத்தில் வெந்த வைன் முன்னைவிட ருசியாக இருந்ததாம். அப்புறம் அந்தச் சூட்டை ஊரிலேயே உண்டாக்கிக்கொண்டார்கள். சாதாரண வகையைத் தொட்டியில் மூன்று மாதமாவது சூடாக்குவார்கள். உயர்ந்த வகை வெதுவெதுப்பான கிடங்குகளில் வருஷக்கணக்கில் கிடக்கும். இதற்குமேல் கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை, திறந்த பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். வறண்டது வேண்டுமென்றால் சேர்சியல், இனிப்பென்றால் மாம்சி. மாம்சிக்கும் வட்டலப்பத்துக்கும் உள்ள பொருத்தத்தை யாராவது ஒரு தடவை முயன்று பார்க்கட்டும். ரவையும் புகுல் தோசியும் கஜுவும் போட்ட நம் நத்தார் கேக்குக்கும் அதுவே தோது.

சரி, குடியைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் கோபிப்பார்கள். குடியால் நொந்த குடும்பங்களைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். குடியை விட்டவர் வீட்டுக்கும், விட முயல்கிறவர் வீட்டுக்கும் எந்தப் போத்தலும் போகக்கூடாது. அவர்களுக்கு நல்ல தேயிலையைக் கொடுங்கள், நம்மிடம் இல்லாததா? மற்றவர்களுக்கும் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். சாதாரண வைனில் மதுசாரம் 12 முதல் 14 வீதம், போர்ட்டில் 19 முதல் 22. வைன் கிளாஸ் நிறைய ஊற்றுவது ஆபத்து, 75 மில்லிலீற்றர் போதும். இனிப்பாக இறங்குவதால் அளவு தெரியாது. அதைக் குடித்துவிட்டு றம்பொடை வளைவுகளில் வண்டி ஓட்டிக்கொண்டு இறங்குகிறவருக்கு நான் பரிசே கொடுக்கமாட்டேன்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை தொங்கினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாராயமும் பியரும்தான். கொழும்பில் பெரிய கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் கட்டுநாயக்கவில் இறங்குகிற உறவினரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். வகையின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுங்கள். போர்ட் என்று மட்டும் சொன்னால் கைக்கு அகப்பட்ட ரூபி என்ற சாதாரண இளம் போர்ட்டோடு வந்து நிற்பார்கள். ரூபியில் குறையில்லை, ஆனால் வைன் தெரிந்தவருக்கு அது புதிதல்ல. போத்தலின் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி, திறந்தால் எத்தனை நாளைக்கு நல்லது என்று எழுதிவிடுங்கள். பரிசைப் பெற்றவர் அதைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூச்சப்படுவார்.

இன்னொன்று. போயா நாளில் மதுக்கடைகள் திறப்பதில்லை. உந்துவப் போயா டிசம்பரில்தான் வருகிறது. கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கலாம் என்றிருப்பவர்கள் கலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹோட்டல் ஊழியர்,
நானுஓயா.