காமிக்ஸ் வரைய ஆசைப்படும் பையனுக்கு இன்னொரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு தாய் கேட்டிருந்த கேள்வியைப் படித்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் காமிக்ஸ்தான் வரைவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், அவனை எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தார். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளையும் விஸ்காம், அனிமேஷன் படிப்புகளையும் சொல்லிப் பதில் போட்டிருந்தீர்கள். தப்பில்லை. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்த சங்கர் அங்கே படித்தவர்தான். ஆனால் கல்லூரி வாசலை மிதிக்க அந்தப் பையனுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறதே, அதுவரை என்ன செய்வான்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். எழுத்து பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் வாத்தியார் இல்லை, போர்டு ஆர்ட்டிஸ்ட். கோவில்பட்டியில் முப்பது வருஷம் கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம் என்று எழுதிப் பிழைத்தவன். காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன கொண்டைய ராஜு வாழ்ந்த ஊர் இது. அவரிடம் படிக்கிற வயது எனக்கில்லை, ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்வதோடு சரி. ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது பிள்ளைகளுக்குப் படக்கதை சொல்லித்தருகிறேன். எனக்கே தெரியாததைச் சொல்லித்தரப் போய், அவர்களோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

முதல் நாள், என்ன வரைய வருமோ அதை வரையுங்கள் என்றேன். ஒன்பதில் ஆறு பேர் ஒற்றைக் கண் வரைந்தார்கள். இமை முடி, கருவிழியில் வெளிச்சப் புள்ளி, ஓரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், எல்லாம் அச்சு அசல். செல்போனில் பார்த்துக் கற்றது. அப்படிக் கற்பதில் குறை ஒன்றுமில்லை. பென்சில் ஷேடிங், முக அளவு, கை விரல் என்று தமிழிலேயே யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அடுத்து ஒன்று கேட்டேன். "ஒருத்தன் கதவைத் திறந்து வெளியே வர்றான். மழை. திரும்ப உள்ளே போறான். இதை நாலு கட்டத்தில் போடுங்க." ஒருவருக்கும் வரவில்லை. நாலு கட்டத்திலும் அதே ஆள், அதே அளவு, அதே இடத்தில் நிற்கிறான். கையும் கண்ணும் நன்றாக வருகிற பிள்ளைக்கு, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு எப்படிப் போவதென்று தெரியவில்லை. அந்த வித்தைக்குத்தான் தமிழில் பாடம் இல்லை. அரசு நடத்தும் லோயர், ஹையர் டிராயிங் தேர்வு எழுதியவர்களுக்கும் அது தெரியாது. அங்கே ஜாடியும் பூவும் டிசைனும்தான்.

இதற்கென்றே அமெரிக்காவில் ஸ்காட் மெக்ளவுட் என்பவர் 1993-ல் ஒரு புத்தகம் போட்டார். 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்று பெயர். காமிக்ஸைப் பற்றி அவர் எழுதியதே காமிக்ஸ் வடிவில்தான். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் வாங்கிவந்தாள். என் இங்கிலீஷ் போர்டு எழுதுகிற அளவுதான், இருந்தாலும் படம் பார்த்தே பாதி புரிந்தது. கட்டம் விட்டுக் கட்டம் தாவ ஆறு வழி என்கிறார். எங்கள் மழைக்காரனை வைத்தே பிள்ளைகளுக்குச் சொன்னேன். தாழ்ப்பாளில் கை, அடுத்ததில் தாழ்ப்பாள் பாதி விலகியிருக்கிறது. இது கணத்துக்குக் கணம். கதவைத் திறக்கிறான், காலை வெளியே வைக்கிறான். இது செயலுக்குச் செயல். அவன் வெளியே பார்க்கிறான், உள்ளே அம்மா அவனைப் பார்க்கிறாள், ஆள் மாறுகிறது. வாசலிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு, இடம் மாறுகிறது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், நனைந்த ஒற்றைச் செருப்பு, கம்பியில் ஒடுங்கிய காக்கை. நேரம் நகரவில்லை, கண் மட்டும் சுற்றுகிறது. ஆறாவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தாவல். அதை நான் சீக்கிரம் தாண்டிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பிடித்தது ஐந்தாவது. அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆளே இல்லாமல் மழை வரைந்தார்கள்.

இங்கிலீஷ் புத்தகம் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். திருவாரூர் போனால் தியாகராஜர் கோயிலில் தேவாசிரிய மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். முசுகுந்த சக்கரவர்த்தி கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஓவியம், வரைந்தவன் பெயர் சிங்காதனம். சக்கரவர்த்திக்குக் குரங்கு முகம் என்பதால் எத்தனை கூட்டத்திலும் கதாநாயகனைக் கண்டுபிடித்துவிடலாம். கதாபாத்திரத்தைக் கட்டத்துக்குக் கட்டம் அடையாளம் தெரிகிற மாதிரி வரை என்று நான் தொண்டை கிழியக் கத்துவதை அந்த ஓவியர் அன்றைக்கே செய்து வைத்திருக்கிறார். படத்தோடு தமிழில் விளக்க வரிகளும் உண்டு. கழுத்து வலிக்கும், அது ஒன்றுதான் சிரமம்.

அப்புறம் நம் பழைய காமிக்ஸ். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வாடகைக்கு எடுத்து, சோற்றுப் பருக்கையால் கிழிசலை ஒட்டி, திருப்பிக் கொடுத்த கோஷ்டி நாங்கள். அது பிரிட்டிஷ் கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீஸஸ் ப்ளாஸ்கோ என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆளைப் பக்கம் பக்கமாக எப்படி வரைவது? கையின் திசை, பயந்தவன் பார்வை, கவிழ்கிற நாற்காலி. வெறும் கறுப்பு மையில் அத்தனையும். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இதுதான்: ஒரு பக்கத்தை எடுத்து, வசனம் இருக்கும் பலூன்களின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டு, படத்தை மட்டும் பார்த்து வசனம் எழுது. பிறகு காகிதத்தைப் பிரித்துப் பார். எங்கே நீ பத்துச் சொல் செலவழித்தாய், அவர்கள் எங்கே ஒன்றுமே சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியும். கதை எழுத மட்டும் ஆசைப்படுகிற, வரையத் தெரியாத பிள்ளைக்கும் இது பாடம்தான். எங்களில் இரண்டு பேர் அப்படி.

ஒரு குறை சொல்ல வேண்டும். நாம் படித்து வளர்ந்ததில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. கௌபாய் டெக்ஸ் வில்லர் கதைகள் இத்தாலியச் சரக்கு. வாண்டுமாமா எழுதி செல்லம் வரைந்த மாதிரி சொந்தச் சரக்கு கொஞ்சம்தான். அதனால் ஒரு தமிழ்ப் படக்கதைக்கு ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும் என்று காட்ட என் கையில் ஒரு தாள்கூட இல்லை. நானே ஒரு முறை வைத்திருக்கிறேன்: பக்க எண், கட்ட எண், படத்தில் என்ன தெரிகிறது, யார் பேசுகிறார், என்ன சத்தம். ஒரு கட்டத்துக்கு ஒரு செயல்தான். "எழுந்து பல் விளக்கிப் பள்ளிக்கூடம் போனான்" என்று ஒரே கட்டத்துக்கு எழுதித் தந்த பையனிடம், நீயே வரை என்று கொடுத்தேன். புரிந்துகொண்டான்.

இப்போது எழுத்து. பலூனுக்குள் எழுத்து என்பதை யாருமே பாடமாக நினைப்பதில்லை. என் தொழில் அது என்பதால் எனக்கு வயிற்றெரிச்சல். பிள்ளைகள் படத்தை முடித்துவிட்டு, காதுக்கும் கட்டத்தின் கோட்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் சந்தில் வசனத்தைத் திணிக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் பென்சிலில் வசனம், அதைச் சுற்றி பலூன், மிச்ச இடத்தில்தான் ஆளின் தலை. கடைப் பலகையிலும் நூல் அடித்து எழுத்துக்கு இடம் பிரித்த பிறகுதான் ஓரத்தில் பூ போடுவோம்.

இங்கிலீஷ் காமிக்ஸில் பெரும்பாலும் பெரிய எழுத்துகள், எல்லாம் ஒரே உயரம். வரியை நெருக்கி எழுதலாம். தமிழில் மேலே 'கீ'யின் சுழி, கீழே 'ஞூ'வின் வால். அதே நெருக்கத்தில் எழுதினால் மேல்வரிக் காலும் கீழ்வரிச் சுழியும் மோதிக்கொள்ளும். எழுத்து உயரத்தில் பாதியாவது வரிக்கு வரி இடைவெளி விடுங்கள். அடுத்த தொல்லை நீளம். 'போய்க்கொண்டிருக்கிறேன்' 11 எழுத்து. 'போயிட்டிருக்கேன்' 8. 'போறேன்' 3. பலூனுக்குள் மூன்றெழுத்தில் முடிகிற பேச்சுத் தமிழை விட்டுவிட்டு ஏன் மேடைத் தமிழ் பேச வேண்டும்? ராஜா ராணி கதை என்றால் சரி, 11 எழுத்தே இருக்கட்டும், அதற்குத் தக்க அகலமாகக் கட்டத்தைப் போடு. எந்தக் காரணத்துக்காகவும் சொல்லைக் கண்ட இடத்தில் ஒடிக்காதே. கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில மென்பொருள்களில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. வரைவதற்கு க்ரிதா, அதுவும் இலவசம். டேப்லெட் வாங்கித் தராவிட்டால் வரையமாட்டேன் என்கிற பிள்ளையை நம்பாதீர்கள்.

பலூனைப் பற்றிச் சொல்லும்போது பீமாயணம் நினைவுக்கு வருகிறது. அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்தது, தமிழில் காலச்சுவடு வெளியிட்டிருக்கிறது. அதில் சதுரக் கட்டமே கிடையாது. மென்மையான பேச்சுக்குப் பறவை வடிவ பலூன், விஷமான பேச்சுக்குத் தேள் கொடுக்கு வைத்த பலூன், மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். இதைக் காட்டியதும் ஒரு பெண் தன் கதையில் வரும் வட்டிக்காரருக்கு முள்முருங்கை முள் வைத்த பலூன் போட்டாள். இந்தப் புத்தகத்தைக் கேட்டு நான் போன ஒரு நூலகத்தில், "காமிக்ஸா? பழைய பேப்பர் கடையில கேளுங்க" என்றார்கள்.

வரைந்தால் மட்டும் போதாது, நாலு பேர் படிக்க வேண்டும். டெல்லியில் ஷரத் சர்மா நடத்தும் வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா அமைப்பு ஒரு எளிய வழி வைத்திருக்கிறது: நான்கு கட்டத்தில் ஒரு கதை, இரண்டு ஏ4 தாளில் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, சேர்த்து ஒட்டிச் சுவரில் மாட்டிவிடுவது. ஓவியமே தெரியாத கிராமத்து ஆட்கள் தங்கள் பிரச்சினையைச் சொல்ல உருவான முறை. எங்களில் ஒரு பெண் தன் ஊர் ஸ்டாப்பில் பஸ் நிற்காததை வரைந்து ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் ஒட்டினாள். பஸ் இன்னும் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "அடுத்தது எப்பம்மா?" என்று கேட்டிருக்கிறார். இன்னொரு வழி, ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். ஸ்டேப்ளர் பின்கூடத் தேவையில்லை. பத்துப் பிரதி எடுத்து வகுப்பில் சுற்றுக்கு விடலாம்.

எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. பள்ளிக் கல்வித்துறை பிள்ளைகளுக்கென ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் கொண்டுவந்தது. அவற்றில் ஒரு பக்கம், பிள்ளைகளே வரைந்த நாலு கட்டக் கதைக்கு. நூலகத் துறை, மாவட்ட மைய நூலகங்களிலாவது நல்ல படக்கதைகள் நாற்பது ஐம்பது வாங்கி, குழந்தைகள் எட்டி எடுக்கிற உயரத்தில் வைக்கட்டும். மூன்றாவது உங்களுக்கு. உங்கள் ஞாயிறு மலரில் ஒரு கட்டவரிசைக்கு இடம் ஒதுக்கி, பக்கத்திலேயே அதன் ஸ்கிரிப்டையும் அச்சிடுங்கள். எழுதினது எப்படிப் படமானது என்று பார்க்க தமிழ்ப் பிள்ளைக்கு அந்த ஒரு அங்குலம் கிடைக்கட்டும்.

அந்தத் தாய் கோவில்பட்டிப் பக்கம் என்றால் ஞாயிறு பத்து மணிக்குப் பையனை அனுப்பட்டும். ஒரு பக்கம் எழுதிய பழைய நோட்டும் ஹெச்.பி. பென்சிலும் போதும். வலமிருந்து இடமாகப் போகும் ஜப்பான் காமிக்ஸ் படித்துப் பழகியவனாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களில் ஒருவன் கட்டங்களை வலமிருந்து இடமாக அடுக்கி, முதல் கட்டத்தில் செத்தவன் அடுத்ததில் எழுந்து நடந்த கதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வருகிற வாரம் சத்த எழுத்து. கிணற்றில் விழுகிறவனுக்கு எல்லாரும் இங்கிலீஷில் 'ஸ்ப்ளாஷ்' என்று போட்டார்கள், நான் அடித்துவிட்டேன். 'தொபுக்கடீர்' என்றுதான் போட வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எழுத்துகள் கிணற்றுக்குள் இறங்கிப் போக வேண்டுமா, தண்ணீரோடு மேலே தெறிக்க வேண்டுமா என்பதில்தான் தகராறு.

இப்படிக்கு,
ஒரு பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்,
கோவில்பட்டி